87-க்கும் 87-ஏ-வுக்கும் நடுவே

வால்தெனோரின் காருக்கு இரண்டு வாய்.
கூரைமேல் நான்கு ஹார்ன், ஊருக்கு.
கதவுக்குள் இரண்டு ஸ்பீக்கர், அவனுக்கு.
ஆம்ப்ளிஃபயர் ஒன்றே ஒன்று.
இன்னொன்று வாங்கக் காசில்லை என்றான்.
நடுவில் ஒரு ரிலே வைத்தேன்,
போன மழைக்கு முந்தி, இதே பட்டறையில்,
செயாராவின் வெயில் கூரைத் தகரத்தை
முறுக்கிக்கொண்டிருந்த ஒரு பகலில்.

பாதித் தீப்பெட்டி அளவு. ஐந்து கால்.
முப்பதில் ஆம்ப்ளிஃபயர் நுழையும்.
சுருள் தூங்கினால் 87-ஏ: உள்ளே.
சுவிட்சைத் தட்டினால் ஒரு ‘டக்’,
நாக்கு தாவி 87-ஐத் தொடும்: வெளியே.
பிளஸ்ஸை மட்டும் மாற்றினேன்,
மைனஸ் இரண்டுக்கும் பொது.
சிக்கனம்.
நடந்ததில் என் பங்கு அது. மறைக்கவில்லை.

காலையிலிருந்து அவன் குரல் தெருத்தெருவாகப் போகும்.
கேஸ் சிலிண்டர். முப்பது முட்டை ஒரு தட்டு.
செருப்புக் கடையில் பாதி விலை.
திருமதி ஒத்தீலியா காலமானார், அடக்கம் நான்கு மணிக்கு.
முட்டைக்கு ஒரு தொனி, சாவுக்கு ஒரு தொனி
என்றெல்லாம் அவனிடம் கிடையாது.
எல்லாமே நல்ல செய்தி போலவே வரும்.

சத்தம் ஓடும்போது தட்டாதே என்று சொல்லியிருந்தேன்.
முதலில் குறை, பிறகு தட்டு.
கேட்டால்தானே.
ஒவ்வொரு தட்டலுக்கும் உள்ளே ஒரு பொறி,
ஒவ்வொரு பொறிக்கும் கொஞ்சம் வெள்ளி உருகி,
செவ்வாய்க்கிழமை, மாதா கோயில் சதுக்கத்தில்,
ஒத்தீலியாவை அறிவித்து முடித்துச் சுவிட்சை அணைத்தபோது
நாக்கு 87-ஐ விடவில்லை.

உள்ளே மட்டும் கேட்கிறது என்று நினைத்து
போனில் தானே பேசிப் பதிந்து வைத்திருந்ததை ஓடவிட்டான்.
கூரையின் நான்கு ஹார்னும் சொல்லின:
“மதியம் தனியாகச் சாப்பிட்டால்
சோற்றில் உப்பு இருக்கிறதா என்றே தெரிவதில்லை,
…
யோசித்துச் சொல்.
வாய்ப்பைத் தவறவிடாதீர்.”
கடைசி வரி பழக்கதோஷம்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது?
பேக்கரி லூசிமார் முடிக்குச் சாயம் போட்டாள்.
நகராட்சி எழுத்தர் நெயிடே
ஒரு வாரமாகக் கணவனுக்குப் பதில் சொல்வதில்லை.
ஒத்தீலியாவின் மகனுக்கு மட்டும் கோபம்,
அடக்கத்தின் நேரம் யாருக்கும் நினைவில்லை என்று.

வெள்ளிக்கிழமை காரைக் கொண்டுவந்தான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
மூடியைக் கழற்றினேன். கடுகளவு கருநீலத் தழும்பு.
திருப்புளி முனையால் நெம்பினேன்,
அடம்பிடித்துப் பிறகு விட்டது.

“இங்கே பார்.
நாக்கு ஒன்றை விட்டு மற்றதைத் தொடும் முன்
இரண்டையும் தொடாத ஒரு நொடித்துளி இருக்கும்.
அது இல்லாவிட்டால் இரண்டு பாரமும் ஒருசேர ஏறும்,
ஆம்ப்ளிஃபயர் எரியும்.”
தலையாட்டினான்.
“உன் பதிவிலும் அப்படி ஓர் இடம்.
பெயர் வரவேண்டிய இடம்.”
ஃபியூஸ் பெட்டியைப் பார்த்தான்.
“இரண்டு வினாடி இருந்தது,” என்றேன்.
“ரிலேக்கு அது ரொம்ப நீளம்.”
“எவ்வளவு ஆகும், எடிலேயுசா?” என்றான்.

இந்த முறை சிக்கனம் பார்க்கவில்லை.
பெரிய ரிலே இரண்டு, பிளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று.
சுருளுக்குக் குறுக்கே டையோடு.
தட்டியதும் ஒலி முதலில் அடங்கும்,
பிறகே நாக்கு நகரும்.
மல்டிமீட்டர் சரியான இடத்தில் கூவியது,
சரியான இடத்தில் வாயை மூடிக்கொண்டது.
எண்பது ரெயால். கொடுத்தான்.

வாசலில் காரை நிறுத்திச் சோதித்தான்.
“ஒன்று, இரண்டு,” கூரை சொன்னது,
எதிர்வீட்டு நாய் எழுந்தது.
டக்.
தெரு அமைதி.
ஏற்றிய கண்ணாடிக்குப் பின்னால்
மைக்கைப் பிடித்தபடி அவன் உதடு அசைந்தது,
என்னைப் பார்த்துத்தான்,
மூன்று அசை, இல்லை நான்கு.

சுத்தமான வேலை.
ஒரு சொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை.